ஆனந்தரங்கப் பிள்ளையும் அவர்தம் வீட்டு ஏடுகளும்

புதுச்சேரி நகரின்கண் இரங்கப்பிள்ளை வீதி எனப் பெயரிய வீதி ஒன்று உண்டு. அவ்வீதியில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பெற்ற மாளிகை ஒன்று நிற்கின்றது. அதன் கீழ்த்தளத்தில் நம் நாட்டுத் தச்சர் செதுக்கிய மரத்தூண்கள் உள்ளன. மாடிக்கு ஏறினால் ஐரோப்பிய முறையில் அமைந்த வெண்சுதைத் தூண்களைக் காணலாம். இரண்டு நாகரிகங்கள் ஒரு கூரையின்கீழ்க் குடியிருக்கும் இவ்வீட்டிற்கு உரியவராய் வாழ்ந்தவரே ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியாருக்குத் தலைமைத் துவிபாஷியாய் விளங்கியவர். கப்பலும் கிடங்கும் பல்லக்கும் பரிவாரமும் உடையவர். அவர் ஈட்டிய பொன்னில் ஒரு வராகனேனும் இன்று எங்கே உள்ளது என்று கூற வல்லார் இலர். ஆயின், அவர் வீட்டிற் கிடந்த, கணக்கேடுகளை ஒத்த சில புத்தகங்கள் காரணமாக, அவர் பெயரைப் பாரிஸ் நகரத்தாரும் இலண்டன் நகரத்தாரும் அறிந்திருக்கின்றனர். அப்பெரியாருடைய வாழ்க்கையையும், அப்புத்தகங்கள் அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

ஆனந்தரங்கர் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் தேதி சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, வாணிகத்தில் வல்லவர். அவருடைய மைத்துனரான நைனியப்பப் பிள்ளை அக்காலத்திற் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியாரின் தலைமைத் தரகராய் இருந்தார். அவர் அழைப்பின்பேரில் திருவேங்கடம் பிள்ளையும் குடும்பத்துடன் புதுச்சேரியிற் சென்று குடியேறினார். துவிபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழி வல்லார் என்பது பொருள். எனினும் அப்பதவி மொழிபெயர்ப்போடு முடிந்துவிடுவதன்று. நெய்வோரிடம் முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவதும், கடன்காரரை மடக்குவதும், நவாபுகளுக்குக் காணிக்கை அனுப்புவதும், ஊர் வழக்குகளைக் கவர்னர் செவியிற் சேர்ப்பதும் ஆகிய யாவும் துவிபாஷியின் கையாலேயே நடைபெறும். கவர்னர் கடலுக்கு அப்பாலிருந்து வருவார், சில ஆண்டுகளிற் போவார். துவிபாஷியோ ஊரிலேயே இருப்பார். அவரிடம் செல்வம் குவிந்ததில் வியப்பில்லை. பகை குவிந்ததிலும் வியப்பில்லை.

அப்பகை எத்தகையது என்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்று ஆனந்தரங்கருடைய இளமையிலேயே நேர்ந்தது. அதனைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஏனெனில், இக்குடும்பத்தாரின் பிற்கால நடையை அறிவதற்கு அஃது ஒரு திறவுகோல் என்பது என் கருத்து. 1716-ஆம் ஆண்டு கவர்னர் எபேர் என்பார் நைனியப்பப் பிள்ளையைச் சிறைப்படுத்தினார். குடிகளைக் கொடுமை செய்தார், கலகம் விளைத்தார் என்பன குற்றச்சாட்டுக்கள். அவர் வைணவர், கிறிஸ்தவ சமயம் பரவுவதற்குத் தடையாய் இருக்கின்றார் என்று இயேசு சபைக் குருமார் நெடுநாளாகக் குறைகூறி வந்தனர். விசாரணை நடந்தது. தாம் அறியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலங்களில் தமிழ்ச் சாட்சிகள் கையொப்பமிட நேர்ந்தது என்பது பின்னர் மேல்முறையீட்டில் எடுத்துக் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. முடிவில், ஊரில் யாவரினும் உயர்ந்திருந்த அம்மனிதருக்குப் பலர் காணக் கசையடி விதிக்கப்பட்டது, சொத்துக்கள் பறிக்கப்பட்டன, சிறைவாசமும் விதிக்கப்பட்டது. அவர் 1717-ஆம் ஆண்டில் அச்சிறையிலேயே உயிர் நீத்தார்.

அவர் மூத்த மகன் குருவப்பப் பிள்ளை வாளா இருந்தாரல்லர். கடல் கடந்து பிரான்சு தேசம் சென்று, அரச சமூகத்தில் தம் தந்தைக்கு நேர்ந்த அநீதியை முறையிட்டார். பாரிஸ் நகரத்திலே ஞானஸ்நானம் பெற்றார். புனித மிக்கேல் வீரர் குழு என்னும் உயர்ந்த விருதையும் அடைந்தார். நைனியப்பப் பிள்ளை குற்றமற்றவர் என்று பின்னர்த் தீர்மானமாயிற்று. எபேர் பதவியிழந்தார். குருவப்பர் புதுச்சேரிக்கு மீண்டு தந்தை இருந்த பதவியில் அமர்ந்தார். ஆயினும் 1724-ஆம் ஆண்டிலேயே காலஞ்சென்றார். கிறிஸ்தவ சமயத்திற்குப் பகைவர் எனப்பட்டவருடைய மகன் கிறிஸ்தவனாகித் தந்தையின் நல்ல பெயரை மீட்டான் என்பதைப் படிக்கும்போது மனம் பலவாறு எண்ணுகின்றது. அவர் ஞானஸ்நானம் உள்ளத்தின் மாற்றமோ, வழக்கு வெல்லுதற்குக் கொண்ட உபாயமோ என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இவை நிகழ்ந்த காலத்தில் ஆனந்தரங்கர் ஏழெட்டு வயதுச் சிறுவர். மாமன் முறையினர் ஒருவர் எழுதப்பட்ட பொய்யினால் அழிந்ததையும், எழுதப்பட்ட முறையீட்டினால் அவர் பெயர் மீண்டதையும் அச்சிறுவர் தம் வீட்டிலேயே கண்டார். பிற்காலத்தில் நாள்தோறும் நடந்தவற்றை எழுதிவைக்க அவரைத் தூண்டியது எது என்பது பற்றிப் பலர் பலவாறு கூறுவர். வாணிகர் வழக்கம் என்பார் சிலர். பெருமை வேட்கை என்பார் சிலர். நைனியப்பருடைய வழக்கும் அக்காரணங்களுள் ஒன்றாதல் கூடும் என்று கருதுகின்றேன்.

1726-ஆம் ஆண்டில் திருவேங்கடம் பிள்ளை இறந்தார். பதினேழு வயதில் குடும்பப் பாரம் ஆனந்தரங்கர் தலைமேல் விழுந்தது. கவர்னர் லெனுவார் இவ்விளைஞரின் திறமையைக் கண்டு, பரங்கிப்பேட்டையிலிருந்த கம்பெனிப் பண்டகசாலையின் பொறுப்பை ஒப்புவித்தார். துணி வாணிகத்தை அவர் பெருக்கினார். சொந்த முறையிலும் வாணிகம் செய்தார். ஆனந்தப் புரவி என்னும் மரக்கலம் அவருக்கு உரியதாய் இருந்தது. லெனுவாருக்குப் பின் டூமா கவர்னரானார். அவர் காலத்திலேதான், 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் தேதி, ஆனந்தரங்கர் தம் குறிப்பேட்டைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 27.

தினப்படி சேதிக் குறிப்பு என்று அது வழங்கும். நம் நாட்டு வாணிகர் கணக்கெழுதும் பெரிய புத்தகங்களைப் போன்றவற்றிலேயே அதனை எழுதினார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை, அவற்றோடு ஐரோப்பியர் தேதி. பின்பு அன்று நடந்தவை. சில பகுதி தம் கையாலும் சில பகுதி பிறர் கையாலும் எழுதப்பட்டன. எந்தக் கப்பல் எந்தச் சரக்கோடு வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, கோட்டையில் எத்தனை பீரங்கி முழங்கிற்று, யார் வீட்டில் மணம், எவர் மரணம், யாருக்கு எவ்வளவு காணிக்கை, கவர்னர் காலையில் என்ன மனநிலையில் இருந்தார் என்பவை வரை அதில் உண்டு. நாள், நட்சத்திரம், சகுனம் ஆகியவற்றில் அவருக்கு இருந்த நம்பிக்கை அளவற்றது; அதுவும் மறைவின்றி எழுதப்பட்டுள்ளது. தம் புகழ்ச்சியைப் பிறர் வாயில் வைத்து நீளமாக எழுதும் பழக்கமும் அவருக்கு உண்டு. அவ்விடங்களிற் படிப்போர் புன்முறுவல் பூத்துக் கடந்து செல்லலாம்.

படம் பிடிக்கும் கருவி பிறவாத காலம் அது. இக்காலத்துச் செல்வர் இல்லங்களில் மணம், பிறந்தநாள், யாத்திரை என ஒவ்வொன்றுக்கும் நிழற்படத் தொகுப்பு இருக்கின்றது. ஆனந்தரங்கர் காலத்து மக்களைக் காண விரும்புவோருக்கு அவர் எழுத்தே படம். 1743-ஆம் ஆண்டில், அயலூர்களிலிருந்து எளிய மக்களை ஏமாற்றிக் கொணர்ந்து மறைவில் அடைத்துவைத்துக் கப்பலேற்றி அடிமைகளாக விற்ற கொடுமை புதுச்சேரியில் வெளிப்பட்டது. அதனை அவர் எழுதாது விட்டிருப்பின், அவ்வேழைகள் இருந்தார்கள் என்பதே நமக்குத் தெரிந்திராது. செல்வர் ஒருவருடைய வீட்டு ஏட்டில் யாருமற்றவர்களின் கண்ணீர் பதிந்திருப்பது எண்ணத்தக்கது.

1742-ஆம் ஆண்டு டூப்ளே கவர்னராக வந்தார். அப்போது தலைமைத் துவிபாஷியாய் இருந்தவர் கனகராய முதலியார் என்னும் கிறிஸ்தவர். அவர் 1745-ஆம் ஆண்டில் இறந்துபோன தம் மகன் நினைவாக உழவர்கரையில் ஒரு கோயில் எழுப்பி, எல்லாச் சாதியாருக்கும் ஐரோப்பியருக்கும் பெருவிருந்து செய்தார். ஆனந்தரங்கர் அவ்விருந்தை எழுதியிருக்கின்றார். அதில் வியப்பும் உண்டு, பொறாமையின் சாயலும் உண்டு. முதலியார் 1746-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறந்தார். அவருக்குப் பின் யார் என்ற கேள்வி ஊரைக் கலக்கிற்று. கிறிஸ்தவர் ஒருவரே அப்பதவிக்கு வரவேண்டும் என்று இயேசு சபையார் வற்புறுத்தினர். கவர்னருடைய மனைவி ழான் அம்மையாரும் ஆனந்தரங்கருக்குப் பகையாய் இருந்தார். வேலையெல்லாம் ஆனந்தரங்கர் செய்துவந்தும், பட்டம் உடனே கிடைக்கவில்லை. இறுதியில் டூப்ளே அவரையே அமர்த்தினார்.

பின்னர் வந்த ஆண்டுகள் தென்னாட்டின் விதியை மாற்றிய ஆண்டுகள். 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் லபூர்தொனே சென்னையைப் பிடித்தது, அவருக்கும் டூப்ளேக்கும் மூண்ட பூசல், 1748-ஆம் ஆண்டு ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது, 1750-ஆம் ஆண்டு டிசம்பரில் நாசர்ஜங் கொலையுண்டது ஆகியவற்றைச் சரித்திரப் புத்தகங்களிற் படித்திருக்கின்றோம். ஆதலால் அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. அந்நாட்களில் கவர்னரின் பக்கத்தில் நின்று அவர் பேசியவற்றை மாலையில் வீடு சென்று எழுதிய தமிழர் ஒருவர் இருந்தார் என்பதே நாம் கருதத்தக்கது. முசபர்ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்னும் சிறப்பை அளித்தான். மேளவாத்தியத்துடன் பல்லக்கிற் கவர்னர் மாளிகை முற்றம் வரை செல்லும் உரிமையும் அவருக்கு உண்டாயிற்று. புலவர்கள் அவர் வாயிலை நாடினர். தமிழில் தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். வடமொழியில் சீனிவாச கவி ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார்.

இனி, கிறிஸ்தவனாகிய நான் கடந்து செல்லக் கூடாத இரண்டு செய்திகளுக்கு வருகின்றேன்.

முதலாவது, 1745-ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது. புதுச்சேரியில் சம்பா கோயில் எனப்படும் இயேசு சபைக் கோயிலினுள்ளே, சாதிக் கிறிஸ்தவரையும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் குருமாரிடம் சென்று, தாங்களும் ஆண்டவருடைய பிள்ளைகள் ஆகையால் இச்சுவர் ஏன் என்று முறையிட்டனர். குருவானவர் அம்முறையீடு நியாயம் எனக் கண்டு சுவரை இடிப்பித்தார். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். கோயிலிற் குழப்பம் விளைந்தது. பின்பு சுவருக்குப் பதிலாக நாற்காலிகளை வரிசையாக வைத்துப் பிரித்தனர். இச்செய்தியை எழுதியவர் நம் சமயத்தவர் அல்லர். சாதி வேற்றுமையை வெறுத்தவரும் அல்லர். வம்புச் செய்தியாகவே அவர் எழுதியிருத்தல் கூடும். ஆயினும் அச்சுவரைப் பற்றி முறையிட்டவர்களுடைய குரல் அவர் எழுத்தின் வாயிலாகவே நமக்குக் கேட்கின்றது. அவர்கள் தாமாக எழுதிவைத்த ஏடு ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

இரண்டாவது, வேதபுரீசுவரர் கோயிலின் அழிவு. அக்கோயில் சம்பா கோயிலுக்கு அருகே இருந்தது. அதனை அகற்ற வேண்டுமென்று குருமார் பல்லாண்டுகளாக முயன்றனர். குடிகளின் எதிர்ப்பினால் முடியவில்லை. அதனுள் அசுத்தங்களை எறிந்த இழிசெயலும் 1746-ஆம் ஆண்டில் நடந்தது. 1748-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகை நெருங்கி, ஊர் மக்கள் பலர் அஞ்சி வெளியேறியிருந்த சமயத்தில், கவர்னர் உத்தரவின்பேரில் அக்கோயில் இடிக்கப்பட்டது. மூர்த்திகளைக் காலால் உதைத்து உடைப்பதில் கேர்தூ பாதிரியாரே முன்நின்றார் என்று ஆனந்தரங்கர் எழுதியிருக்கின்றார். தலைமைத் துவிபாஷியாய் இருந்தும் அவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. ஊரார் அவரிடம் வந்து அழுதனர். கவர்னரின் சொற்படி நடக்கவேண்டிய ஊழியர், தம் தெய்வத்தின் கோயில் இடிபடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியவராயினார். அந்நாட்களின் பக்கங்களைப் படிப்போர், பிற இடங்களில் அவரிடம் காணும் தற்பெருமையை மறந்துவிடுவர்.

கேர்தூ பாதிரியார் யார்? மொழிநூல் பயில்வோர் அவர் பெயரை மறவார். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1767-ஆம் ஆண்டிலேயே கண்டு பிரான்சு தேசத்துக் கழகத்தாருக்கு எழுதியனுப்பிய அறிஞர் அவரே. வில்லியம் ஜோன்சு கூறுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே கூறியவர். தெலுங்கு மொழிக்குச் செய்த தொண்டும் பெரிது. மொழிநூல் வகுப்பில் அவரைப் போற்றுகின்றோம். ஆனந்தரங்கருடைய ஏட்டில் அதே மனிதர் கையிற் சம்மட்டியோடு நிற்கின்றார். ஆனந்தரங்கர் இயேசு சபையாரிடம் பகைமை கொண்டவர். நைனியப்பப் பிள்ளைக்கு நேர்ந்ததை மறவாதவர். ஆகவே அவர் சான்றை நிறுத்துப் பார்த்தே கொள்ளல் வேண்டும் என்று ஒருவர் கூறலாம். கூறுவது முறையே. ஆனால் கோயில் இடிந்தது மெய். அதனை நிறுத்துப் பார்க்கும் தராசும் அவ்வேட்டின்றி நமக்கு இல்லை. கனகராய முதலியார் இத்தகைய குறிப்பேடு ஒன்று எழுதி, அவர் வழியினரும் அதனைக் காத்திருந்தால், அந்நகரத்துக் கிறிஸ்தவர் பக்கத்து நியாயங்களையும் ஒப்பிட்டு அறியலாம். அப்படியொன்று நமக்குக் கிடைக்கவில்லை. காகிதத்தைக் காத்த குடும்பத்தின் சொல்லே நிலைத்தது.

1754-ஆம் ஆண்டில் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். அவரோடு ஆனந்தரங்கருடைய நற்காலமும் கப்பலேறிற்று. புதிய கவர்னர்கள் அவரை நம்பவில்லை. 1756-ஆம் ஆண்டு லெரி என்னும் கவர்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய கடன், குத்தகைப் பாக்கி, உடல் நோய் ஆகியவற்றால் அவர் துன்புற்றார். முன்பு வாயிலில் காத்திருந்தோர் இப்போது வழியிற் கண்டும் காணாதவர் போலப் போயினர். எனினும் ஏட்டைக் கைவிடவில்லை. 1758-ஆம் ஆண்டில் லாலி வந்ததும், 1760-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தவாசியிற் பிரெஞ்சுக்காரர் தோற்றதும், பின்பு ஆங்கிலேயர் ஊரைச் சூழ்ந்து உணவை மறித்ததும் அதில் தொடர்ந்து வருகின்றன. 1761-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஊர் பசியால் வாடிக்கொண்டிருந்த நாட்களில் அவர் இறந்தார். சின்னாட் கழித்து, 16-ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. வென்றவர்கள் கோட்டையையும் ஊரின் பெரும்பகுதியையும் தரைமட்டமாக்கினர்.

கோட்டை போயிற்று, கவர்னர் மாளிகை போயிற்று. ஒரு வணிகர் வீட்டுக் காகிதம் மட்டும் போகவில்லை. அவர் உடன்பிறந்தார் மகன் திருவேங்கடம் பிள்ளை அவ்வேடுகளைப் பேணியதோடு, தாமும் தொடர்ந்து குறிப்பெழுதி வந்தார். பின்னர் அவை அக்குடும்பத்தாரின் வீட்டிலேயே கிடந்தன. அவற்றின் பெருமையை ஊரார் அறியார். வாணிகம் குன்றிய குடும்பங்களிற் பழைய கணக்கேடுகளுக்கு நேரும் கதி நாம் அறியாததன்று. கடன் தீர்ந்தபின் கணக்கேட்டுக்குப் பயன் இல்லை. கடைக்காரர் பொட்டணம் மடிக்க நிறுத்து வாங்கிச் செல்வர்; எஞ்சியதைப் போகிப் பண்டிகை தீர்க்கும்; அதற்கும் எஞ்சியதைச் செல் தீர்க்கும். நம் நாட்டின் வெப்பமும் மழையும் காகிதத்திற்குப் பகை. இத்தனைக்கும் தப்பி அவ்வேடுகள் எண்பத்தைந்து ஆண்டுகள் கிடந்தன என்றால், அக்குடும்பத்துப் பெரியோர் அவற்றைச் சரித்திரமென்று கருதாவிடினும், முன்னோர் கையெழுத்து என்னும் பத்தியால் வைத்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும்.

1846-ஆம் ஆண்டில் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவ்வேடுகளைக் கண்டுபிடித்தார். புதுச்சேரியில் அலுவல் பார்த்தவர், பழஞ்செய்திகளில் ஆர்வமுடையவர். தாம் கண்டது இன்னதென்று உடனே உணர்ந்து, நகல் எடுப்பித்தார். தமிழறிந்த அரியேல் என்னும் மற்றொருவரும் தமக்கென நகல் செய்துகொண்டார். அவர் இறந்தபின் அது பாரிஸ் தேசிய நூல்நிலையத்தைச் சேர்ந்தது. அந்நகலைக்கொண்டு வின்சோன் என்னும் பிரெஞ்சுத் தமிழறிஞர் சில பகுதிகளை மொழிபெயர்த்து 1894-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்திற் சென்னை அரசாங்கத்தாரும் கண்விழித்தனர். 1892-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்த ஆங்கிலப் பிரதிநிதியின் வாயிலாக இவ்வேட்டின் செய்தி அவர்களுக்கு எட்டியது. நகல் எடுக்கவும் மொழிபெயர்க்கவும் ஏற்பாடாயிற்று. பிரைஸ் என்பாரும் ரங்காச்சாரியாரும் சேர்ந்து பதிப்பித்த ஆங்கில மொழிபெயர்ப்பின் முதற்றொகுதி 1904-ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்பு, சென்னைப் பதிவேட்டு நிலையத்தின் தலைவராயிருந்த டாட்வெல் அப்பணியை மேற்கொண்டார். 1928-ஆம் ஆண்டில் 12-ஆம் தொகுதியோடு அது முற்றுப்பெற்றது.

நகலெடுத்தலைப் பற்றி ஒரு சொல். ஏட்டைக் கண்டுபிடித்தவரைப் புகழ்கின்றோம். பெயர் தெரியாத எழுத்தர்களை மறந்துவிடுகின்றோம். நூற்றாண்டு கடந்த கையெழுத்து, புள்ளியில்லா மெய்கள், கால்வாங்கிய எழுத்து ரகரமோ ஆகாரக் குறியோ என்று ஐயுறவேண்டிய சொற்கள், மங்கிய மை, செல்லரித்த ஓரம். இவற்றோடு போராடி ஆயிரக்கணக்கான பக்கங்களை அவர்கள் எழுதினர். நகல் எழுதுவோர் தாம் அறிந்தவாறு சொல்லைத் திருத்திவிடுதலும் உண்டு. ஆகவே நகல் இருக்கின்றதே என்று மூலத்தைக் கைவிடுதல் ஆகாது. மூலம் இருக்கின்றதே என்று நகலெடாது விடுதலும் ஆகாது. இவ்வேட்டிற் சில காலப் பகுதிகள் இடையிடையே இல்லாமற் போயின. கிழிந்து போயினவோ, இரவல் சென்று மீளாதனவோ, எழுதப்படாமலே விடப்பட்டனவோ, ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒவ்வொரு காரணம் இருத்தல் கூடும். பதிவேட்டு நிலையங்களில் இக்காலத்தில் எண்ணிட்டு, பட்டியல் செய்து, வெயில் படாத அறையில் அடுக்கி, நிழற்படமும் எடுத்து வைக்கின்றனர். செல்வக் குடும்பத்தார் சிலர் தம் வீட்டுக் கடிதங்களை அங்கே ஒப்படைக்கத் தயங்குகின்றனர். முன்னோரின் கடனும் சண்டையும் வெளிப்படுமே என்பது அச்சம். ஆனந்தரங்கருடைய ஏட்டில் அவர் பெற்ற காணிக்கையும், பட்ட கடனும், கொண்ட பகையும், குடும்பத் துயரமும் யாவும் உள்ளன. அவர் வழியினர் வெட்கங்கொண்டு அப்பக்கங்களை நீக்கியிருந்தால், எஞ்சுவது கப்பல் வந்த கணக்கு மட்டுமே.

தமிழ் பயில்வோருக்கு உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய இந்நூல், பிரெஞ்சில் ஒரு பகுதியும் ஆங்கிலத்தில் முழுத்தொகுதியும் வெளிவந்த பின்னரே தமிழில் அச்சேறத் தொடங்கிற்று. புதுச்சேரியில் ஞானு தியாகு அவர்கள் முயற்சியால் முதற்றொகுதி 1948-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதாவது ஆங்கிலப் பதிப்பு முற்றுப்பெற்று இருபது ஆண்டுகள் கழிந்தபின்! இதற்குக் காரணம் அரசாங்கத்தார் மட்டும் அல்லர். இலக்கண வழுவுள்ள உரைநடையை இலக்கியமென ஏற்க நம் புலவர்கள் விரும்பவில்லை. பேச்சுத் தமிழும், தெலுங்கும், பாரசீகமும், போர்ச்சுக்கீசும், பிரெஞ்சும் ஒரே வாக்கியத்திற் கலந்து வரும் நடை அது. பிரெஞ்சுப் பெயர்கள் அவர் காதுக்குக் கேட்டவாறே தமிழெழுத்தில் வந்துள்ளன. நன்னூல் கொண்டு திருத்தப் புகுந்தால் ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மை வேண்டும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழர் சந்தையிலும் சபையிலும் எவ்வாறு பேசினார் என்பதைக் கோவையும் சம்புவும் நமக்குக் காட்டமாட்டா. அவரைப் புகழ்ந்து பாடிய அந்நூல்களை இன்று தேடிப் படிப்போர் மிகச் சிலர். அவரே எழுதிய வழுநிறைந்த ஏட்டைப் படித்துப் பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என இரண்டு நாவல்கள் எழுதினார். பின்னதற்கு 1995-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

வேதபுரீசுவரர் கோயில் பிற்காலத்தில் வேறோர் இடத்தில் மீண்டும் எழுந்தது. இன்றும் வழிபாடு நடக்கின்றது. சம்பா கோயிலும் பின்னர்ப் புதிதாகக் கட்டப்பெற்று விளங்குகின்றது. இரண்டிற்கும் சிறிது தொலைவிலேயே இரங்கப்பிள்ளை வீதி இருக்கின்றது. 1745-ஆம் ஆண்டில் இடிந்த சுவரும், 1748-ஆம் ஆண்டில் இடிந்த கோயிலும் நின்ற இடத்தைத் தேடிச் செல்வோர், அவ்வீதி வீட்டிற் கிடந்த பக்கங்களைக் கையிற் கொண்டே செல்லவேண்டியவராயிருக்கின்றனர்.